அத்திபெலேயில் நான் அடித்த விசில்

அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று போன் வந்ததும் கிளம்பிவிட்டேன். பிப்ரவரி என்பதால் லீவு கேட்க யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் எஸ்டேட்டில் பறவை சுடும் பருவம் அப்போதுதான் முடிந்திருக்கும். காட்டில் மிச்சமிருக்கும் பறவைகளும் மூச்சு விடும், நாங்களும் மூச்சு விடுவோம்.

அது என்ன வேலை என்று கேட்பீர்கள். ஃபெசன்ட் என்று ஒரு பறவை. நம்மூர் காட்டுக்கோழிக்கும் மயிலுக்கும் பங்காளி முறை. அதைக் குஞ்சிலிருந்து கூண்டில் வளர்த்து, கோடையில் காட்டுக்குள் விட்டு, குளிர்காலத்தில் பணக்காரர்கள் துப்பாக்கியோடு வரும்வரை அந்தக் காட்டைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதுங்கப் புதர் வேண்டும். நரி வரக் கூடாது. காலையில் எல்லையோரமாக நடந்து, வெளியே மேயப் போனவற்றைப் பதறாமல் உள்ளே ஓட்டிவிட வேண்டும். அப்புறம் தினமும் ஒரே மாதிரி விசில் அடித்துக் கோதுமை தூவ வேண்டும். ஓட்டலில் பாத்திரம் கழுவப் போன நான் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தது தனிக்கதை. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டேன்.

அக்கா இதையெல்லாம் சுருக்கி, "ரோசி லண்டன்ல பேர்ட்ஸ காப்பாத்தறா" என்று சர்ச்சில் சொல்லிவைத்திருந்தாள். நான் இருப்பது லண்டனும் இல்லை, செய்வது காப்பாற்றுவதும் இல்லை. ஆனாலும் மறுத்ததில்லை. துப்பாக்கியை நான் தொட்டதே இல்லையே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன்.

ஏர்போர்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆஸ்டின் டவுனில் அக்கா வீட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டதற்கு டிரைவர் தமிழிலேயே சொன்னார்: "மேப்ல பத்து நிமிஷம்னு காட்டுது மேடம். அந்த மேப்பு பெங்களூருக்கு வந்ததே இல்ல போல." கொஞ்ச தூரத்தில் தெரு முழுக்கத் தோண்டிக் கிடந்தது. "போன மாசம்தான் மூடினாங்க. உள்ள என்னமோ மறந்து வெச்சிட்டாங்க, தேடறாங்க" என்றார். இப்படிப்பட்ட பேச்சுக்காகவே நான் இன்னும் ரெண்டு தெரு சுற்றிப் போகத் தயார். இங்கிலாந்தில் டாக்சிக்காரர் வானிலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

அக்கா காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, கட்டிலில் இருந்தபடியே வீட்டை ஆண்டுகொண்டிருந்தாள். தெருமுனை ஓட்டலிலிருந்து காராபாத், பெங்களூர்க்காரர்களின் கார உப்புமா, வந்தது. வாழையிலைத் துண்டில், மேலே ஒரு முந்திரியோடு. நான் ரெண்டாம் தடவை வாங்கி வரக் கிளம்பியதைப் பார்த்து, "நீ என் காலுக்கு வந்தியா, காராபாத்துக்கு வந்தியா?" என்றாள்.

அக்காவின் கணவர் அந்தோணி மாமா ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால், அத்திபெலே பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கித் தக்காளி போட்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் அவருக்கு வேறு பேச்சே இல்லை.

"மயிலுதாம்மா பிரச்சனை. ஒரு பழத்த முழுசா தின்னுட்டுப் போனாலும் பரவால்ல. எல்லாப் பழத்தையும் ருசி பாக்குது. விரட்டினா வேலி மேல ஏறி உக்காந்து என்னையே பாக்குது. தேசியப் பறவையாச்சே, கல்லெடுக்கவும் பயம்."

"நம்ம ரோசிய கூட்டிட்டுப் போங்க" என்றாள் அக்கா, விருந்தாளிகள் முன்னால் குழந்தையைப் பாடச் சொல்கிற பெருமையோடு. "பேர்ட்ஸுனா அவ பேச்சக் கேக்கும். எனக்குப் பக்கத்து வீட்டு ஃபிலோ இருக்கா. என் காலு எங்கயும் ஓடிப்போயிடாது."

மறுநாள் மாமா ஸ்கூட்டரில் முன்னால் போய்விட, நான் ஓசூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார்: உள்ளே போங்க, உள்ளே இன்னொரு பஸ் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கு. என் பக்கத்தில் இரண்டு பெண்கள், அதுவும் கன்னடம்தான், மாமியாரைப் பற்றிப் பேசினார்கள். ஒருத்தி சொன்னாள்: அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க, பெருமூச்சு மட்டும் விடுவாங்க, அதுக்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம். இதை ரசித்தபடியே தூங்கிப்போனேன். விழித்தபோது கடைப் பலகையெல்லாம் தமிழில் இருந்தது. "அத்திபெலே எப்பவோ போச்சும்மா. இது தமிழ்நாடு. கர்நாடகா போகணும்னா எதிர்ல போய் நில்லுங்க" என்று பக்கத்தில் ஒருவர் வழி சொன்னார். திரும்பி வந்து சேர்ந்தபோது மாமா ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். "ரெண்டு ஸ்டேட்டும் பாத்துட்டியா? இப்ப நிலத்தப் பாக்கலாமா?"

நிலத்தின் ஒரு பக்கம் லேஅவுட் போடுவதற்காகக் கல் நட்ட பொட்டல். மறுபக்கம் உண்ணிச்செடி மண்டிய சின்ன மேடு, அதன் பின்னால் தைலமரத் தோப்பு. காவலுக்கு முனிராஜுவும் அவர் மனைவி ரத்னாவும் தகரக் கூரை வீட்டில் இருந்தார்கள். ஓசூர் பக்கத்துக்காரர்கள், வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ்.

மேட்டிலிருந்து மயில்கள் இறங்கி வந்தன. பெட்டைகள் முன்னால். நெஞ்சை முன்னே தள்ளி, ஒரு அடி வைத்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, அடுத்த அடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் ஃபெசன்ட் பெட்டைகளேதான், உடம்பு மட்டும் பெரிது! ஊர்விட்டு ஊர் வந்து தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

"இதுக்கு நான் வழி பண்றேன் மாமா" என்றேன். சந்தோஷத்தில் சொன்னது.

ரத்னா மதியம் களி கிண்டினாள். அவரைக்கொட்டைச் சாறு. நான் மென்று தின்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "கடிக்காதீங்க அக்கா, முழுங்குங்க. கடிச்சா களிக்குக் கோவம் வந்துடும்." முழுங்கினேன். அந்தச் சாற்றுக்காக அந்தோணி மாமா இன்னொரு நிலமே வாங்கலாம்.

வழி என்பது எஸ்டேட்டில் நான் தினமும் செய்வதுதான். மேட்டின் அந்தப் பக்கத்தில் உண்ணிச்செடியை வெட்டி ஒரு முற்றம் போல ஒதுக்கச் சொன்னேன். சுற்றிலும் புதர் இருக்க வேண்டும், பறவைக்கு ஓடி ஒளிய இடம் இருந்தால்தான் அது நிம்மதியாகத் தின்னும். உடைத்த சோளமும் கேழ்வரகும் தூவினோம். ஒரு தொட்டியில் தண்ணீர். காலையில் நானும் முனிராஜுவும் ஆளுக்கொரு குச்சியில் துணி கட்டிக்கொண்டு, தக்காளிப் பாத்தியின் ஓரமாக நடந்து, மயில்களை அவசரப்படுத்தாமல் மேட்டுப் பக்கம் ஓட்டினோம். அங்கே போனதும் விசில். நீளமாக ஒன்று, கட்டையாக ரெண்டு. உடனே சோளம்.

நான் பஸ் பிடித்துப் போக முடியாத காலைகளில் முனிராஜு அடித்தார். அவருக்கு விசில் என்னைவிட நன்றாக வந்தது. வாரம் திரும்புவதற்குள் விசில் கேட்டதும் மயில்கள் தோப்பிலிருந்து ஓடி வந்தன. பறந்து வரவில்லை, ஓடி வந்தன. "அட்டெண்டன்ஸ் குடுக்குதுங்க அக்கா" என்றார் முனிராஜு. தக்காளிப் பக்கம் ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா அத்திபெலே டீக்கடையில் நின்று, "எங்க கொழுந்தியா லண்டன் டெக்னிக்" என்று முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் சொன்னார். நானும் பக்கத்தில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு அடக்கமாகச் சிரித்தேன். அந்த அடக்கத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் ஆட்கள் ஒரு வேன் பிடித்து நிலத்துக்கு வந்துவிட்டார்கள். டீக்கடை ஆட்கள் சிலரும் பின்னால் வந்தார்கள். பிரியாணிப் பொட்டலங்கள் பிரிக்கப்பட்டன. "ஆன்ட்டி, ஒரு வாட்டி கூப்பிடுங்க ஆன்ட்டி" என்றார்கள். தீனி போடும் நேரமில்லை. இந்த வேலை தெரிந்த நான் அதைச் செய்திருக்கக் கூடாது. செய்தேன். புதரிலிருந்து பெட்டைகள் ஓடி வந்தன, பின்னால் தோகையை இழுத்துக்கொண்டு ஆண் மயில். கைதட்டல். எல்லோர் கையிலும் போன். "இன்னொரு வாட்டி, வீடியோல விசில் சத்தம் சரியா வரல" என்றார் ஒருவர். இன்னொரு தடவையும் அடித்தேன். சாயங்காலத்துக்குள் அது எத்தனை பேருடைய ஸ்டேட்டஸில் இருந்ததோ, எனக்குத் தெரியாது.

புதன்கிழமை காலையில் முனிராஜு போன் செய்தார். மாமாவும் நானும் ஸ்கூட்டரில் போனோம். அந்த முற்றத்தில் சோளம் சிதறிக் கிடந்தது. நாங்கள் போட்ட சோளமில்லை அது, முழுச் சோளம். மண்ணில் ரத்தம். பெட்டையின் பழுப்பு இறகுகள் ஒரு புதர் முழுக்க ஒட்டியிருந்தன. முள்ளில் வலைக் கயிறு ஒரு துண்டு. ஆண் மயிலின் தோகை இல்லை; அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"விடியறப்ப விசில் கேட்டுது அக்கா" என்றார் முனிராஜு. "நீங்கதான் சீக்கிரம் வந்துட்டீங்கன்னு படுத்திருந்தேன்."

எஸ்டேட்டில் என் விசிலை நான் மட்டும்தான் அடிப்பேன். தனியார் காடு, வேறு யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. அதனால் விசில் யார் வாயிலிருந்தும் வரலாம் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மயிலுக்கு என்ன தெரியும்? அது என்னை நம்பவில்லை, சத்தத்தை நம்பியது. சத்தத்தை வீடியோவில் போட்டு ஊருக்கெல்லாம் கொடுத்தவள் நான்.

யார் தகவல் சொன்னார்களோ, கொஞ்ச நேரத்தில் வனத்துறை ஜீப் வந்துவிட்டது. கார்டு ஒருவர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். முனிராஜு வீட்டில் சோள மூட்டை இருந்தது. "இங்கே யார் தீனி போட்டுப் பழக்கினது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

முனிராஜு என்னைப் பார்த்தார்.

"வாட்ச்மேன்தான் சார் இங்க எல்லாம் பாத்துக்கறது. நாங்க எப்பயாவது வர்றவங்க" என்றார் மாமா.

நான் என் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை என்றுகூட ஒரு நொடி மனசுக்குள் வாதாடினேன். அதற்குள் முனிராஜுவை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அவர் சட்டைகூட மாற்றவில்லை.

திரும்பும் வழியில் மாமா தலையைத் திருப்பாமல் பேசினார். "உனக்கு பாரின் பாஸ்போர்ட்டு. கேஸுகீஸு ஆச்சுனா வேலையே போயிடும். அவனுக்கு ஒண்ணும் ஆகாது. உக்கார வெச்சு ரெண்டு கேள்வி கேட்டு அனுப்பிடுவாங்க." ஆமாம் மாமா என்றேன். கேட்க வசதியாக இருந்ததால் நம்பினேன்.

சாயங்காலம் ரத்னா போன் செய்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, அவருக்கு சாப்பாடு கொண்டு போகணும். அந்த ஆபீசு எங்கன்னு சாருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். மாமாவிடம் கேட்டுச் சொன்னேன். சரிக்கா என்று வைத்துவிட்டாள்.

அக்காவுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்தபடி நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்ததால் விசிலுக்குப் பழக்கியதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"அந்த லண்டன் பறவைங்களுக்கும் இப்படித்தான் விசில் அடிப்பியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"ஒரே எடத்துல இருக்கறதுக்கு. சுடறப்போ அங்க இருக்கணுமே."

அக்கா ஐஸ் பையைத் தள்ளிவிட்டாள். "காப்பாத்தறானு ஊரெல்லாம் சொல்லிட்டேனே ரோசி. ஏன் நீ சொல்லவே இல்ல?"

"நீ கேக்கல."

"கேக்காததையெல்லாம் மணிக்கணக்கா பேசறவதானே நீ!"

பேச்சுதான் என் சொத்து என்று இருந்தவளுக்கு, பேச வேண்டிய இடம் மட்டும் தெரியவில்லை.

காலையில் மாமாவிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். தூங்கவில்லை, அத்திபெலேயில் சரியாக இறங்கினேன். வனத்துறை அலுவலகத்தை விசாரித்துப் போனால், வாசல் படியில் ரத்னா தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து வழிவிட்டாள்.

ரேஞ்சர் இளவயதுப் பெண். என் அரைகுறைக் கன்னடத்தைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டு, "தமிழ்லயே சொல்லுங்க. எங்கம்மா கோலார் தங்கவயல் தமிழ்" என்றார். எனக்கு நாற்காலி போட்டார்கள். காபி வந்தது. முனிராஜு சுவரோரம் தரையில் குந்தியிருந்தார். அந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன். முற்றம் ஒதுக்கச் சொன்னது நான். தீனி நான். விசில் நான். வீடியோவில் கேட்பதும் என் விசில். முனிராஜு நான் சொன்னதைத்தான் செய்தார். கடைசியில், என்னை நல்லவிதமாகக் காட்டிக்கொள்ளவோ என்னவோ, "ஆனா நான் வேட்டையாடற ஆளில்லை மேடம். துப்பாக்கியே எடுத்ததில்லை" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "துப்பாக்கி எடுத்தாதான் வேட்டைன்னு யார் சொன்னது? வலை வைக்கிறது வேட்டை. விரட்டி ஒரு பக்கம் ஒதுக்கறது வேட்டை. தீனி வெச்சு வரவழைக்கிறது வேட்டை. சட்டத்துல எல்லாம் ஒரே வரியில இருக்கு. நீங்க செஞ்சதுக்குப் பேர் அதுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை சொல்வது போலச் சொன்னார். எஸ்டேட்டில் சுடும் நாளில் துப்பாக்கிக்காரர்கள் ஒரு மணி நேரம் வந்து நின்றுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். மிச்ச வருஷம் முழுக்க அந்த வேலையைச் செய்வது நான். யாராவது கேட்டால், நான் வளர்க்க மட்டும்தான் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேட்டையில் பெரும்பங்கு என்னுடையது என்று தெரிந்துகொள்ள ஒரு நாற்காலியும் ஒரு காபியும் தேவைப்பட்டன.

நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஊருக்குக் கிளம்பும் முன் வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும், கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். முனிராஜுவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வலை வைத்தவர்கள் யாரென்று இதை எழுதும்வரை தெரியவில்லை. நான் எழுந்தபோது ரேஞ்சர் கேட்டார்: "மிச்சம் இருக்கற மயிலுங்க இன்னும் விசிலுக்கு வருமா?"

"வரும்."

"அப்ப அவங்களும் திரும்பி வருவாங்க. அத முதல்ல மறக்கடிங்க. எங்க ஆளு ஒருத்தர் கூட நிப்பார்."

வெளியே வந்ததும் ரத்னா புருஷனின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஏதோ தொடங்கினேன். முனிராஜு தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு, "நீங்க வந்து சொன்னீங்க, சரி அக்கா. ஆனா தேங்க்ஸ் சொல்லமாட்டேன். ஒரு ராத்திரி தள்ளித்தான சொன்னீங்க" என்றார். நியாயம்தான். மூவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போனோம். ரத்னா நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

மறக்கடிப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, எஸ்டேட்டில் அதற்குத் தேவையே வராது. ரெண்டே நாள் யோசித்ததில் ஒரு வழிதான் தெரிந்தது. விசிலுக்குப் பின்னால் சோளம் வருவது போய், பயம் வர வேண்டும்.

சனிக்கிழமை காலை முற்றத்தைக் கூட்டிச் சுத்தம் செய்தோம். ஒரு மணி தானியம் இல்லை. கார்டு தைலமரத்தடியில் நின்றார். முனிராஜு கையில் எண்ணெய் டின், ரத்னாவிடம் ஒரு பழைய தாம்பாளம். நான் விசில் அடித்தேன். நீளமாக ஒன்று, கட்டையாக ரெண்டு. வந்தன. முன்பைவிடக் குறைவாக, ஆனால் அதே ஓட்டம். கிட்டே வந்ததும் இருவரும் டின்னையும் தாம்பாளத்தையும் அடித்தார்கள். மயில்கள் அலறிக்கொண்டு புதருக்குள் பாய்ந்தன. கொஞ்சம் பொறுத்து மறுபடி விசில், மறுபடி டின். ஞாயிறும் அப்படியே. திங்கள்கிழமை விசில் கேட்டதும் தோப்புக்குள் எதிர்ப்பக்கம் இறகடிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு நிம்மதியும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஒரு பெட்டை மட்டும் போகவில்லை. டின் சத்தத்துக்குக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, பிறகு நீட்டி, நடந்தே வந்தது. ஒரு அடி, ஒரு நிறுத்தம். என் காலடி மண்ணைக் கொத்திப் பார்த்தது. ஒன்றுமில்லை. தலையைச் சாய்த்து என் கையைப் பார்த்தது.

"கையத் தட்டுங்க அக்கா" என்றார் முனிராஜு. தட்டினேன். நகரவில்லை. "கத்துங்க." கத்தினேன். என் குரல் அதற்குப் பழகிய குரல்.

"அப்ப எறியுங்க."

மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்தேன். கையிலிருப்பதைப் பார்த்து அது இன்னும் ஒரு அடி கிட்டே வந்தது. எறிந்தேன். நெஞ்சில் பட்டு உடைந்தது. அது கத்தக்கூட இல்லை. சிறகை விரித்துத் தடுமாறி, திரும்பி ஓடியது. புதர் ஓரத்தில் நின்று ஒரு தடவை பார்த்தது.

"நிக்குது பாருங்க. இன்னும் நம்புது" என்றாள் ரத்னா. அந்த போனுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நான் குனிந்து அடுத்த கட்டியைத் தேடினேன்.